திங்கள்கிழமை மாத்திரை

சந்துரு அண்ணா பள்ளி வேன் ஓட்டுகிறவர். மைசூரில் பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவரைப் பற்றி மட்டும் ஏன் எழுத வேண்டும் என்று கேட்டால், என் வீட்டாரை விட்டால் எனக்கு நன்றாகத் தெரிந்த பெரியவர் அவர் ஒருவர்தான் என்று சொல்வேன். மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அவர் வேனில்தான் போனேன். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டின் மாடியில் குடியிருக்கிறார். நான் பி.யூ.சி. என்கிற பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்று முடிவாகாமல் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்த வருடம் அவர் வீட்டில் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

அவருக்கு ஊர் ஹனூருக்கு அந்தப் பக்கம். தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். வானம் பார்த்த நிலம், ராகியும் சோளமும். இருபது வயதில் லாரி கிளீனராக மைசூருக்கு வந்தார், பிறகு டிரைவர் ஆனார், பிறகு ஒரு பழைய வேனை வாங்கினார். பிள்ளைகளின் பெற்றோர்களிடம் கன்னடம் பேசுவார். எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளிடம் ஊர்த் தமிழ். ஒன்றாம் வகுப்புக் குழந்தையைப் பார்த்து, "வாங்க சாமி, ஏறுங்க, பையக் குடுங்க" என்பார். பின்சீட்டில் இருக்கும் பெரிய பிள்ளைகள் சிரிப்பார்கள். அவருக்கு அது கேட்கும். அடுத்த குழந்தையையும் அப்படியே கூப்பிடுவார்.

அவர் வேன் எப்போதும் தாமதம். காரணம் இதுதான்: மாலையில் குழந்தையை இறக்கிவிட்டால், அது வீட்டுக்குள் போய்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரை அவர் வண்டியை எடுக்க மாட்டார். கடைசியாக இறங்க வேண்டிய எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. "போலாமண்ணா, உள்ள போயாச்சு" என்று கத்துவேன். "கேட்டுக்குள்ள போயிருக்குது கண்ணு. ஊட்டுக்குள்ள இன்னும் போகுல" என்பார்.

அவர் மனைவி மோகனப்ரியா அக்கா நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறார். விடிந்ததும் கம்பெனி பஸ். மகன் சந்தோஷ்குமார் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். இரண்டு பேருக்கும் மாதேஸ்வரன் மலைச் சாமிதான் எல்லாம். திங்கள்கிழமை அவர்கள் வீட்டில் ஒருபொழுது. சாயங்காலம் விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகுதான் அடுப்புப் பற்றும். சந்துரு அண்ணாவின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அன்றைக்குக் காப்பி கூடக் கிடையாது.

இனி ஜாமூன். இரண்டு வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில், வேன் நிறுத்தும் கொட்டகையில் யாரோ விட்டுப்போன நாய்க்குட்டி அது. கரும்பழுப்பு நிறம், உருண்டை உடம்பு. வேன் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஜாமூன் என்று பெயர் வைத்தார்கள். பழைய வேன்களில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடிய மேடு ஒன்று இருக்கும். அதன் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதுதான் ஜாமூனின் இடம். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும்.

இந்த ஜனவரியில் ஒரு காலை, வேன் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது, ஜாமூன் அந்த மேட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. நான்கு கால்களும் விறைத்து, பிறகு ஓடுவதுபோல் அடித்துக்கொண்டன. வாயில் நுரை. சாக்கு நனைந்தது. பிள்ளைகள் அலறினார்கள். சந்துரு அண்ணா வேனை ஓரம் கட்டினார். அவர் ஊரில் மனிதர்களுக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பார்கள். அவர் ஸ்பேனரை எடுத்து நாயின் முன்காலில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எல்லாம் அடங்கியதும் முன்சீட்டில் இருந்த மேகனா, இரண்டாம் வகுப்பு, கேட்டாளாம்: "அண்ணா, ஜாமூன் கனவுல ஓடிச்சா?"

"ஆமாங்க சாமி" என்றாராம் அவர். "கெட்ட கனவு."

அன்று மாலை மேகனாவின் பாட்டி கனகலக்ஷ்மி தெருவிலேயே அவரை நிறுத்திவிட்டார். அந்த அம்மாவின் அப்பா ரயில்வேயில் இருந்தவர். தெருவில் யாருக்கும் அந்தப் பாட்டியிடம் கொஞ்சம் பயம்.

"ஏன்பா சந்துரு, வெறி நாயை வச்சுண்டா குழந்தைகளை ஏத்தற?"

"வெறி இல்லீங்கம்மா. ஊசியெல்லாம் போட்டிருக்குதுங்க."

"வாயில நுரை தள்ளினா அது வெறி இல்லாம என்ன? சோப்பு தின்னுதா?"

"நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டறனுங்க."

"காட்டு. ஆனா நாளைலேருந்து அது வேன்ல இருக்கப்படாது. இருந்தா என் பேத்தி ஆட்டோல போவா. அவ்வளவுதான்."

மறுநாளிலிருந்து ஜாமூன் வேனில் ஏறவில்லை. காலையில் வேன் கிளம்பும்போது மாடியிலிருந்து அது ஊளையிடுவது தெரு முழுக்கக் கேட்கும். பகலில் ஆள் இல்லாத வீட்டில் அது தனியாக இருக்க வேண்டியிருந்ததால், இடையில் ஒரு முறை போய்ப் பார்க்கும்படி என்னிடம் ஒரு சாவி கொடுத்தார்கள்.

கால்நடை மருத்துவரிடம் போனபோதும் நான் கூடப் போனேன். வண்டியில் நாயைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். மருத்துவர் மேதா இளவயதுக்காரர். நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு, "நீங்க தமிழா? எங்க மனேல... வீட்டுலயும் தமிழ்தான். ஆனா என் தமிழைக் கேட்டு சிரிக்கக் கூடாது" என்றார். ரத்தம் எடுத்தார். கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். கால் விரல்களைத் திருப்பி வைத்து, நாய் அதைச் சரி செய்துகொள்கிறதா என்று பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். அதற்குள் இன்னொரு முறை வலிப்பு வந்துவிட்டது.

"வெறி இல்ல. விஷம் இல்ல. ரத்தமெல்லாம் சரியாயிருக்கு" என்றார் மேதா. "சின்ன வயசுல, வேற காரணம் ஒண்ணும் கெடைக்காம இப்படி வந்தா, அது எபிலெப்சி. மூளை நரம்புல வர்ற கோளாறு. சில நாய்க்குப் பிறவிலேயே இருக்கும்."

"நாங்க ஏதாச்சும் தப்பாக் குடுத்துட்டமுங்களா?"

"இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணலை."

"குணமாகுமுங்களா?"

"அடக்கி வைக்கலாம். முழுசாப் போகாது. காலையில ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. தினமும். அது இருக்கற வரைக்கும். பல நாய்கள் இப்படியே வயசாகி நல்லா இருக்கு. வலிப்பு வர்றப்போ வாய்ல கையை வைக்காதீங்க, இரும்பும் வேண்டாம். பக்கத்துல இருக்கற சாமானை மட்டும் நகர்த்துங்க. முடியற வரைக்கும் பக்கத்துல உக்காருங்க."

சந்துரு அண்ணா எல்லாவற்றுக்கும் "சரிங்க, சரிங்க" என்றார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "இருக்கற வரைக்குமுன்னு சொன்னாங்கல்ல கண்ணு?" ஆமாம் என்றேன்.

மாத்திரை கசப்பு. ஜாமூன் பாலில் போட்டால் பாலைக் குடித்துவிட்டு மாத்திரையை ஓரமாகத் துப்பிவிடும். வாழைப்பழத்தை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கடைசியில் மோகனப்ரியா அக்காதான் வழி கண்டுபிடித்தார். ராகிக் களியை யாரும் மெல்லுவதில்லை, உருட்டி விழுங்குவதுதான் வழக்கம். சிறு உருண்டை பிடித்து நடுவில் மாத்திரையை வைத்துக் குழம்பில் தோய்த்து எறிந்தால், ஜாமூன் அதை அந்தரத்திலேயே பிடித்து விழுங்கிவிடும். "எங்கூரு ஆளுகளாட்டமே தின்னுது பாரு" என்று அக்கா சிரித்தார். அன்றிலிருந்து காலையும் இரவும் களிக்குள் மாத்திரை. போனில் மேதாவிடம் சொன்னபோது அவரும் சரி என்றார்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். அடுத்த திங்கள்கிழமை சாயங்காலம் வலிப்பு வந்தது. அதற்கடுத்த வாரம் வரவில்லை. பிறகு ஒரு செவ்வாய் விடியலில் வந்தது. பிறகு மறுபடி ஒரு திங்கள். எல்லாத் திங்களும் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வந்தால் அந்த நாளில்தான், அல்லது அதை ஒட்டித்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை காலைகளில் அது குடித்தவனைப்போல் பின்கால்கள் தள்ளாடி நடந்தது.

இதை முதலில் கவனித்தவர் சந்துரு அண்ணாதான். கவனித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"திங்களு சாமி நாளு" என்றார். "அன்னிக்கே வருதுன்னா, சாமி என்னமோ சொல்லுது."

மோகனப்ரியா அக்கா தையல் வேலையால் வலிக்கிற கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "சாமிக்கு வேற சோலி இல்லீங்களா மாமா, நாயப் புடிச்சு ஆட்டறதுக்கு?"

"நீ கம்முனு இரு புள்ள. என்ற அப்பன் மலைக்கு நடந்து வர்றேன்னு வேண்டிக்கிட்டாரு. போகாமயே செத்துட்டாரு. நானும் போகுல. வருசம் எத்தனை ஆச்சு? வண்டி, வண்டின்னு ஓடிட்டேன்."

"அப்போ சாமி உங்களைத்தான ஆட்டோணும்?"

"என்னைய ஆட்டுனா நான் தாங்கிக்குவேன்னு அதுக்குத் தெரியும்" என்றார். அக்கா அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை.

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் அவர் மலைக்கு நடந்தார். ஹனூரில் உறவுக்காரர்கள் சிலர் அமாவாசைக்கு நடந்து போகிறவர்கள். அவர்களோடு சேர்ந்துகொண்டார். காட்டு வழி, கொளுத்துகிற வெயில், காலில் செருப்பில்லை. திரும்பி வந்தபோது உள்ளங்கால் இரண்டும் தோல் உரிந்திருந்தன. சாமியிடமிருந்து கொண்டுவந்த கயிற்றை ஜாமூனின் கழுத்தில் கட்டினார். அவர் இல்லாத நாட்களில் மோகனப்ரியா அக்கா களி கிண்டி மாத்திரை கொடுத்திருந்தார். அந்த நாட்களில் எதுவும் வரவில்லை. "தீந்துச்சு கண்ணு" என்று சந்துரு அண்ணா என்னிடம் சொன்னார். "அப்பன் கடனு அடைஞ்சுது." அவரை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

அவர் வந்த பிறகு முதல் திங்கள்கிழமை, சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வலிப்பு வந்தது. அடங்கி, நாய் எழுந்திருக்கும் முன்பே மறுபடி வந்தது. பிறகு இன்னொன்று. நடுநடுவே அது எங்களை யாரென்று தெரியாமல் சுவரில் போய் முட்டியது. மோகனப்ரியா அக்கா அழுதுகொண்டே தலையணைகளைச் சுவரோரம் அடுக்கினார். சந்துரு அண்ணா அழவில்லை. தோல் உரிந்த கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, "சாமி ஏத்துக்கல" என்றார். "இனி அதைய வச்சு இம்சை பண்ணக் கூடாது. நாளைக்குக் கொண்டு போயி ஊசி போட்டுத் தாட்டி விட்டர்லாம்."

வலியில்லாமல் சாக வைக்கிற ஊசியைச் சொல்கிறார் என்று எனக்கும் அக்காவுக்கும் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வேலைக்குப் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். ஜாமூனுக்குக் குழம்புச் சோறு பிசைந்து ஊட்டினார். மாத்திரை கொடுக்கவில்லை. இனி எதற்கு என்று நினைத்திருப்பார். வேனில் பிள்ளைகள் இல்லை. சந்துரு அண்ணா ஜாமூனைத் தூக்கி எஞ்சின் மேட்டின் மேல் வைத்தார். மாதக்கணக்காக அது அங்கே ஏறவில்லை. ஏறியதும் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டுப் படுத்தது. பின்கால்கள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் விழாமல் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவர் மேதா எல்லாவற்றையும் கேட்டார். அவரும் ஊசி போடுவது தவறு என்று சொல்லவில்லை. "மாத்திரைக்கு அடங்கலைன்னா யோசிக்கத்தான் வேணும்" என்றார். "வேற மருந்தும் சேர்த்துப் பாக்கலாம். இருங்க, எழுதிக்கறேன். நேத்து காலையில மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தீங்க?"

"நேத்து திங்களுங்க" என்றார் சந்துரு அண்ணா.

"சரி. எத்தனை மணிக்கு?"

"காலையில இல்லீங்க. எங்க ஊட்டுல திங்களு ஒருபொழுதுங்க. அடுப்புப் பத்தாது. களி இல்லாம அது மாத்திரை திங்காதுங்க. ராத்திரி களி கிண்டி, ரெண்டையும் சேத்துக் குடுத்துருவனுங்க."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "ரெண்டையும் சேர்த்தா?"

"ஒருபொழுது இருக்கறவங்க ராத்திரி ரெண்டு வேளைக்கும் சேத்துத்தானுங்களே சாப்பிடறோம். கணக்கு கொறையுலீங்க. ஒரு திங்களு கூட உட்டதில்லீங்க."

நானும் எத்தனையோ திங்கள்கிழமைகள் பகலில் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். குளிர்ந்த அடுப்பைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் தோன்றியதே இல்லை.

மேதா நாற்காலியை இழுத்து அவருக்கு நேராக உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. "இது சோறு மாதிரி இல்ல அண்ணா. மருந்து ரத்தத்துல எப்பவும் ஒரே அளவு இருக்கணும். காலையில விட்டுட்டா சாயங்காலத்துக்குள்ள அது எறங்கிடும். அப்போ வலிப்பு வரும். ராத்திரி ரெண்டு கொடுத்தா திடீர்னு ஏறும். அதனாலதான் மறுநாள் தள்ளாடுது."

"அப்போ திங்களு திங்களு வந்தது..."

"இதனாலதான் இருக்கும். நான்தான் முதல்லயே கேட்டிருக்கணும், களியில கொடுக்கறேன்னீங்களே, என்னிக்காவது களி இல்லாத நாள் உண்டான்னு. எனக்குத் தோணலை."

ஊசி போடவில்லை. ஜாமூனை அன்று முழுக்க அங்கேயே வைத்திருந்து, மருந்தைச் சரிசெய்து, மாலையில் அனுப்பினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் சந்துரு அண்ணா ஒரு மர நிழலில் வேனை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"என்ற கையாலயே குடுத்தேன் கண்ணு" என்றார். "பக்தியாக் குடுத்தேன்."

ஜாமூன் அவர் முழங்கையை நக்கியது. அவர் அதைத் தொடவில்லை. தொடத் துணிவு வரவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் அந்த வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. அப்பா காலத்திலிருந்து திங்கள் பகலில் அடுப்பு எரியாத வீடு. ஞாயிறு ராத்திரியே களி கிண்டி வைக்கலாம் என்றால், பழைய களி காய்ந்து வெடித்துவிடும், மாத்திரை வெளியே தெரியும். சந்துரு அண்ணாவுக்கு மனம் வரவில்லை. மலைச் சாமியிடம் என்ன சொல்வது என்றார். மோகனப்ரியா அக்காதான் முடிவு செய்தார். "ஒருபொழுதுன்னு வேண்டிக்கிட்டது நாம. அது எங்க வேண்டிக்கிச்சு? நான் பத்த வைக்கறேன். பாவமுன்னா என்ற தலையில வரட்டும்."

"உன்ற தலையில எதுக்கு?" என்றார் அவர். திங்கள்கிழமை விடிகாலையில் அவரே அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு சிறு சட்டியில் ஒரு கை மாவு. இருவரும் பட்டினி. அந்தக் களி வாசத்தோடு அக்கா பஸ்ஸுக்குப் போனார், அவர் வேனுக்குப் போனார்.

திங்கள்கள் போயின. ஒன்றும் வரவில்லை. பள்ளி திறந்தது. ஆனால் அவர் சரியாகவில்லை. முன்பு சாமி கோபம் என்று பயந்தவர், இப்போது தன்னைக் கண்டே பயந்தார். மாத்திரை கொடுத்துவிட்டுப் பாதி வழியில் எனக்குப் போன் செய்து, "உழுங்குச்சான்னு வாயத் தொறந்து பாரு கண்ணு" என்பார். மாலை வேளைகளில் எந்த நண்பரோடும் நிற்க மாட்டார். தான் ஒன்றும் பிசகாமல் இருந்தால் இனி அது வரவே வராது என்று நம்பினார். மேதா சொன்ன "முழுசாப் போகாது" என்ற வார்த்தையை அவர் மறந்தேவிட்டார். நானும் நினைவுபடுத்தவில்லை.

போன புதன்கிழமை மதியம் நான் அங்கே இருந்தேன். அவர் சாப்பிட வந்திருந்தார். ஜாமூன் வாசற்படியில் வெயிலில் படுத்திருந்தது. எழுந்து, எதையோ கேட்பதுபோல் தலையைச் சாய்த்தது. பிறகு விழுந்தது.

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். படியிலிருந்து அதை உள்ளே இழுத்தார். தண்ணீர்க் குடத்தை நகர்த்தினார். வெளிச்சம் படாமல் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். கால்கள் தரையில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மெல்ல அது குறைந்து நின்றது. ஜாமூன் கண் திறந்து, அவரைத் தெரியாமல் உறுமியது. அவர் கை நீட்டவில்லை. காத்திருந்தார்.

"இன்னிக்கு என்ன கெழமை?" என்று கேட்டார்.

"புதன், அண்ணா."

"காலையில மாத்திரை குடுத்தேன். நீயும் பாத்தே."

"பாத்தேன். விழுங்கிச்சு."

"நேத்தும் ரெண்டு வேளையும் குடுத்தேன்."

"ஆமாண்ணா."

அவர் உடைந்துவிடுவார் என்று நான் பயந்தேன். மூச்சை இழுத்து விட்டார். தோள் இரண்டும் கீழே இறங்கின.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சோம்" என்றார். "அப்படியும் வருது. சாமியும் ஒண்ணும் பண்ணுல. நானும் ஒண்ணும் பண்ணுல."

ஜாமூன் நகர்ந்து வந்து அவர் கையை மோந்தது. நிறைய நேரம் மோந்தது. பிறகு தலையை அவர் தொடையில் வைத்தது. அவர் ஈரமான அதன் வாயைத் தன் துண்டால் துடைத்தார், காதுக்குப் பின்னால் சொறிந்தார். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு அவர் அதை அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. மாத்திரை கொடுக்க, கழுவ, தூக்க மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தார்.

மேதாவுக்குப் போன் செய்து சொன்னார். ஒன்று வந்து அடங்கிவிட்டதென்றால் பயப்பட வேண்டாம், தேதியைக் குறித்து வையுங்கள், ராத்திரி மாத்திரையை வழக்கம்போலக் கொடுங்கள் என்றார் மேதா.

பள்ளி விடும் நேரம் ஆகியிருந்தது. தட்டில் சோறு அப்படியே இருந்தது. இரண்டு வாய் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீ கொஞ்சம் இதுகூட இரு" என்றார். "புள்ளைங்க ஸ்கூல் கேட்டுகிட்ட நிக்கும்."

ஜாமூன் அதற்குள் தூங்கிவிட்டிருந்தது. நான் ஜன்னலைத் திறக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.